காலியிடங்களை எண்ணினால் மட்டும் போதாது

எம்.எஸ்சி. இறுதியாண்டு வைவாவில் என்னைத் திணறடித்தது ஒரே கேள்விதான். "சிர்கோனியாவில் யிட்ரியாவைக் கூட்டிக்கொண்டே போனால் அயனிக் கடத்தல் என்ன ஆகும்?"

சிர்கோனியா என்பது சிர்கோனியம் ஆக்ஸைடு (ZrO₂), யிட்ரியா என்பது யிட்ரியம் ஆக்ஸைடு (Y₂O₃). திடப்பொருளுக்குள் அயனிகள் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துவதுதான் அயனிக் கடத்தல். கூடிக்கொண்டே போகும் என்றேன். ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் வாக்னர் 1943-ல் தந்த விளக்கம் எனக்கு மனப்பாடம். நான்கு மின்னூட்டமுள்ள சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மின்னூட்டமுள்ள யிட்ரியம் உட்கார்கிறது. இரண்டு யிட்ரியத்துக்கு ஓர் ஆக்ஸிஜன் இடம் காலியாகிறது, அந்தக் காலியிடத்துக்குப் பக்கத்து ஆக்ஸிஜன் அயனி தாவுகிறது. ஆகவே காலியிடம் கூடினால் கடத்தலும் கூட வேண்டும் அல்லவா?

உண்மையில் யிட்ரியா சுமார் 8 மோல் சதவீதம் ஆகும் வரைதான் கடத்தல் கூடுகிறது. அதைத் தாண்டினால் குறைகிறது. காரணம், காலியிடங்கள் கலப்பு அயனிகளோடும் (இங்கே, சேர்த்த யிட்ரியம்) தங்களுக்குள்ளும் கூட்டுச் சேர்ந்து அசைய முடியாமல் போகின்றன. எனக்கு இது தெரியவில்லை.

இந்தப் பாடத்தைப் படிப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 92 சிர்கோனியாவுக்கு 8 யிட்ரியா என்றால், ஒரு யிட்ரியாவில் இரண்டு யிட்ரியம் இருப்பதால், நேர்மின் அயனிகள் 108. இந்தப் படிகத்தின் ஃபுளூரைட் அமைப்பில், ஒரு நேர்மின் அயனிக்கு இரண்டு வீதம், அவற்றுக்கு 216 ஆக்ஸிஜன் இடங்கள் உண்டு, இருக்கும் ஆக்ஸிஜனோ 208. அதாவது 3.7 சதவீதம்தான் காலி. அப்புறம் பேரியம் இண்டியம் ஆக்ஸைடைப் பாருங்கள். பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பின் கணக்கில் ஆறில் ஓர் ஆக்ஸிஜன் இடம் காலி, ஆனால் அவை வரிசைகட்டி நிற்பதால் கடத்தல் குறைவு. சுமார் 930 டிகிரி செல்சியஸில் அந்த வரிசை குலைந்ததும் கடத்தல் சட்டென்று எகிறுகிறது. எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான்.

வெப்பநிலையோடு கடத்தல் மாறுவதைக் காட்டும் அர்ரீனியஸ் வரைபடத்தையும் வெறுமனே வரையாதீர்கள், சாய்வு எங்கே மாறுகிறது என்று பாருங்கள். அந்தச் சாய்வு தருவது கிளர்வு ஆற்றலை, அதாவது கடத்தல் நடக்கத் தேவையான ஆற்றலை. குறைந்த வெப்பநிலையில் அதில் அயனி தாவுவதற்கான ஆற்றலோடு, காலியிடங்களின் கூட்டுச் சேர்க்கையைப் பிரிப்பதற்கான ஆற்றலும் சேர்ந்திருக்கும். உயர் வெப்பநிலையில் கூட்டுகள் பிரிந்துவிடுவதால் தாவும் ஆற்றல்தான் மிஞ்சும். கேள்வித்தாளில் இது எண்கணக்காகவும் வரலாம்.

பிறகு ஆராய்ச்சிச் சேர்க்கைக்கான நேர்காணலில் பிஸ்மத் ஆக்ஸைடைப் பற்றிக் கேட்டார்கள். சரி, இந்த முறை பலகையில் வரைந்தே காட்டிவிடலாம் என்று எழுந்தேன். சுமார் 730 டிகிரியில் கடத்துத்திறன் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தாவும் கோட்டைப் போட்டு, 825-ல் அது உருகிவிடும் என்றும் குறித்தேன். தாவும் இடத்தில் விரலை வைத்து, "இங்கே சேர்மானம் துளியும் மாறவில்லை, ஆக்ஸிஜனின் ஒழுங்குதான் குலைந்தது" என்று ஆரம்பித்தேன்.