ஹெட்ட என்ன

போன மாசம் கொழும்பு மரைன் டிரைவ்ல வச்சு என்ட போனைப் பறிச்சிட்டாங்கள். பின்னேரம் ஆறரை இருக்கும், கடல் பக்கமா நிண்டு அம்மாவோட கதைச்சுக்கொண்டிருந்தனான், பின்னால பைக் சத்தம் ஒண்டு கேட்டது, அவ்வளவுதான், கையில போன் இல்ல. ஹெல்மட் போட்ட ரெண்டு பேர், பின்னுக்கு இருந்தவன் திரும்பிக்கூடப் பாக்கேல்ல. அம்மா அந்தப் பக்கத்தில "ஹலோ, ஹலோ, தம்பி" எண்டு கத்தினது முழுக்கக் கள்ளனுக்குத்தான் கேட்டிருக்கும்.

சரி, ஒரு என்ட்ரி போட்டு வைப்பம் எண்டு பொலிசுக்குப் போனன். எந்த ஸ்டேஷன் எண்டு சொல்லேல்ல, எங்க போயிருந்தாலும் இந்தக் கதைதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன். முக்கால் மணித்தியாலம் வாங்கில இருந்தன். முறைப்பாடு எழுதுற கொன்ஸ்டபிள் பெரிய கொப்பி ஒண்டில சிவப்புப் பேனையால கோடு அடிச்சுக்கொண்டிருந்தார், பக்கம் பக்கமா, நல்ல நேர்த்தியா, அடிமட்டத்தை ரெண்டு தரம் சரி பாத்து. என்ட முறை வந்த உடன தமிழ்ல எழுதலாமோ எண்டு கேட்டன். சிங்களம் நான் தண்ணிபட்ட பாடாக் கதைப்பன், கொழும்பில பிறந்து வளந்தனான், ஆனா வாசிக்கச் சொன்னா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பன். வெள்ளவத்தையில கனபேர் அப்பிடித்தான், வெளியில சொல்லமாட்டினம். தமிழ் தெரிஞ்ச சார்ஜன்ட் லீவாம். "ஹெட்ட என்ன மல்லி" எண்டார். நாளைக்கு வா தம்பி எண்டு அர்த்தம். சிங்களத்தில வாங்கோ எண்டுறதுக்கு 'என்ன' எண்டுதான் சொல்லுறது, பொலிஸ்ல எதைக் கேட்டாலும் கடைசியில இந்த 'என்ன'வில போய்த்தான் முடியும், எங்கட காதில அது கேள்வி, அவைக்கு அது பதில்.

நாளைக்கு வந்தா சார்ஜன்ட் நிப்பாரோ எண்டு கேட்டன். அது தெரியாதாம்.

அப்பதான் அந்த ரெண்டு பேரும் உள்ள வந்தினம். நெதர்லாந்துக்காரப் பெடியனும் பெட்டையும், வெயில்ல வெந்து சிவந்து போய், அழாத குறை. ஓட்டோவில பேக்கை விட்டிட்டு இறங்கிட்டினம், பாஸ்போர்ட் எல்லாம் அதுக்குள்ள. கொன்ஸ்டபிள் கோடு அடிக்கிறதை விட்டிட்டு எழும்பி நிண்டார். உள்ள இருந்து ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, ஓஐசியே வந்தார், கதிரை வந்தது, பிளேன்டீ வந்தது. ஆனா அங்க இருந்த ஒருத்தருக்கும் அவையின்ட இங்கிலிஷ் பிடிபடேல்ல. எல்லாரும் என்னைப் பாத்தினம்.

பிறகென்ன, தமிழ்ல ஒரு முறைப்பாடு குடுக்க வழியில்லாம வாங்கில இருந்த நான் அரை மணித்தியாலம் அரசாங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர். ஓட்டோ என்ன கலர்? பச்சை. நம்பர்? தெரியாது. வேற ஏதும் அடையாளம்? முன்கண்ணாடிக்குக் கீழ சின்ன மஞ்சள் வாத்துப் பொம்மை ஒண்டு, தலை ஆடுறது. இதை சிங்களத்தில சொல்லேக்க ஓஐசி கொஞ்சமும் சிரிக்கேல்ல, "வாத்து" எண்டு எழுதினார். ஒருத்தர் சீசீடிவி பாக்கப் போனார், இன்னொருத்தர் ஓட்டோ ஸ்டாண்ட் ஸ்டாண்டா கோல் எடுத்தார், ஒண்டரை மணித்தியாலத்தில வாத்தோட ஓட்டோவும் வந்தது, பேக்கும் வந்தது, ஒரு சாமானும் குறையேல்ல. ஓட்டோ அண்ணை பாவம், பேக் பின்னுக்குக் கிடந்ததே தனக்குத் தெரியாது எண்டு சத்தியம் பண்ணிக்கொண்டு நிண்டார். பிறகு போட்டோ எடுத்தினம், ஓஐசி பேக்கைக் குடுக்கிற மாதிரி. நான் பிரேமுக்குள்ள நிக்கிறன் எண்டு என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாங்கள்.

அதுக்குப் பிறகு என்ட முறைப்பாட்டை சிங்களத்திலயே எழுதினார், எழுத்துக்கூட்டினா விடிஞ்சிடும் எண்டு நானும் வாசிக்காம சைன் வச்சன். "தொடர்பு நம்பர்?" அதைத்தானே ஐயா பறிச்சவன்.

தமிழும் அரசகரும மொழி எண்டு 1987இல 13ஆவது திருத்தம் வந்ததில இருந்து அரசியலமைப்பில கிடக்கு. ஸ்டேஷன் வாசல் போர்டிலயும் மூண்டு மொழியும் கிடக்கு. நான் சைன் வச்ச கடுதாசியில மட்டும் இல்ல.

இதை எழுதிறது டூரிஸ்ட்டுகளில கோவத்தில இல்ல. 2022இல பெற்றோலுக்கும் காஸுக்கும் கியூவில நிண்ட ஆள் நான், டொலர் இல்லாட்டி இந்த நாடு என்னத்துக்கு வரும் எண்டு எனக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. 2024இல 20 லட்சம் பேருக்கு மேல வந்தவை, 300 கோடி டொலருக்கு மேல வருமானம். அந்தப் பிள்ளைகளுக்கு பேக் கிடைச்சது எனக்கும் சந்தோசம்தான். என்னைக் குடையிறது அந்த ஒண்டரை மணித்தியாலம். அண்டைக்கு வரைக்கும் நான் நினைச்சிருந்தது எங்கட பொலிசுக்கு ஆள் காணாது, வசதி காணாது, அதாலதான் ஒண்டும் நடக்கிறேல்ல எண்டு. அப்பிடி இல்ல. ஏலும். ஆருக்கு எண்டுறதுதான் விசயம்.

புதுக்கடைக் கொத்து ஞாபகம் இருக்கோ? 2024 ஏப்ரல்ல ஒரு வெளிநாட்டுக்காரரிட்ட ஒரு கொத்துக்கு 1900 ரூபா கேட்டு வெருட்டின வீடியோ சுத்தினதுதானே. வீடியோ வைரலான கையோட வாழைத்தோட்டம் பொலிஸ் ஆளைப் பிடிச்சிட்டுது. அந்தாள் செய்தது பிழை, அதில கதையில்ல. ஆனா எங்களிட்ட கூட எடுக்கிற கடைக்காரரை ஆராவது பிடிச்சுக் கண்டிருக்கிறீங்களோ? அது போக, வெள்ளைக்காரனுக்கு ஒரு விலை எங்களுக்கு ஒரு விலை எண்டுறதைத் தொடக்கினதே அரசாங்கம்தானே, சீகிரியா ஏற அவைக்கு 30 டொலருக்கு மேல டிக்கட், எங்களுக்குச் சில்லறை. அது கொள்கை. புதுக்கடையில செய்தா குற்றம்.

எங்கட கொள்கை எல்லாம் இப்பிடித்தான் பிறக்குது, ஒரு வீடியோ வரும், பிறகு ரெண்டு கிழமைக்கு ஒரு ஆட்டம், பிறகு எல்லாரும் மறந்திடுவினம். 2024 மே மாசம் ஏர்போர்ட்டில ஒருத்தர் நிண்டு கத்தின வீடியோவுக்குப் பிறகுதான் வீசா கொடுக்கிற வேலையைத் தூக்கி வெளிக் கம்பனிக்குக் குடுத்த விசயமே சனத்துக்குப் பெரிசாத் தெரிய வந்தது. ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் அதை நிப்பாட்டச் சொன்னது, நிப்பாட்டேல்ல, செப்டெம்பர்ல நீதிமன்ற அவமதிப்பு எண்டு குடிவரவு கட்டுப்பாட்டாளரே விளக்கமறியலுக்குப் போனார். 2025இல அதே ஏர்போர்ட்டில டூரிஸ்ட் வந்து இறங்கின கையோட டிரைவிங் லைசன்ஸ் எடுக்கக் கவுண்டர் திறந்தவை. என்ட தம்பி லைசன்சுக்கு எத்தினை நாள் அலைஞ்சவன் எண்டு அவனிட்டக் கேட்டுப் பாருங்கோ, கேட்டா லேசில நிப்பாட்டமாட்டான்.

பெரிய ஆட்டம் எண்டா 'யுக்திய', போதைப்பொருளுக்கு எதிரா பொலிஸ் நடத்தின வேட்டை. 2023 டிசம்பர் 17 தொடங்கினது, சிங்களத்தில அதுக்கு நீதி எண்டு அர்த்தம். ஒவ்வொரு நாளும் நியூஸ்ல கிரிக்கட் ஸ்கோர் மாதிரி இத்தினை ஆயிரம் பேர் கைது எண்டு சொல்லுவினம், கமராக்காரர் பொலிசோடயே வீட்டுக்குள்ள போவினம். புதுவருசம் பிறக்க முன்னமே, டிசம்பர் 31 விடியப்புறம், கொழும்பு குற்றப் பிரிவு ஆக்கள் வெலிகமையில ஒரு ஹோட்டலுக்கு வெள்ளை வானில போய்ச் சுட்டவை. டூரிஸ்ட் ஊர். ஆரோ பாதாளக் கோஷ்டி வந்திட்டுது எண்டு நினைச்சு வெலிகம பொலிஸ் அவையைச் சுட்டது. பொலிஸ் சுட்டு பொலிஸ் செத்தது. அந்தக் காலத்தில பதில் பொலிஸ் மா அதிபரா இருந்த தேசபந்து தென்னக்கோனைப் பிறகு நிரந்தரமாவே போட்டினம், 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, 2025 ஆகஸ்ட்ல பாராளுமன்றம் 177 வாக்கால ஆளைத் தூக்கினது. யுக்தியவில பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டு அந்த நியூஸ்ல பிறகு ஸ்கோர் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

எச்சரிக்கை வந்தாலும் இதுதான். 2019 ஏப்ரல் 4 தாக்குதல் நடக்கப்போகுது எண்டு இந்தியாவில இருந்து தகவல் வந்தது, 11ஆம் திகதி பொலிசுக்குள்ளயே கடிதம் சுத்தினது, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல. 21ஆம் திகதி ஈஸ்டர் பூசைக்கு சனம் பிள்ளைகுட்டியோட போய் இருந்தது. அண்டைக்குக் குண்டு வெடிச்ச எல்லா இடத்திலயும் சேத்து 260 பேருக்கு மேல செத்தவை. அதைத் தடுக்கேல்ல எண்டு 2023 ஜனவரியில முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டோணும் எண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனா 2024 ஒக்டோபர்ல அறுகம்பேக்குப் போகவேண்டாம் எண்டு அமெரிக்க தூதரகம் அறிக்கை விட்ட அண்டைக்கே அங்க பொலிசும் விசேட அதிரடிப்படையும் நிரம்பி வழிஞ்சது. அனுபவத்தில பழகிட்டினம் எண்டும் சொல்லலாம். எனக்கு அப்பிடி நம்ப ஆசைதான்.

அப்பா ஒண்டு சொல்லுவார். 2007 ஜூன் 7 விடிய, வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தை நித்திரையால எழுப்பி பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினவை, 376 பேர். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் நிப்பாட்டினது, பிரதமர் பிழைதான் எண்டும் சொன்னவர். அனுப்பினதுக்குச் சொன்ன காரணம், கொழும்பில நிக்கிறதுக்கு அவைக்குத் தகுந்த காரணம் இல்லையாம். வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்கு நிண்ட ஆக்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த ஆக்கள். அப்பா சொல்லுவார், "ஒரு காரணமும் இல்லாம ஒரு ஊரில போய் சும்மா நிக்கிறதுக்குத்தானடா டூரிசம் எண்டு பேர்". வீட்டில ஆரார் நிக்கினம் எண்டு பொலிஸ்ல பதிஞ்ச படிவத்தின்ட கொப்பியை இன்னும் பைலில வச்சிருக்கிறார், கரண்ட் பில்லுகளுக்குக் கீழ. ஏன் அப்பா எறியேல்ல எண்டு கேட்டா, கிடக்கட்டும் எண்டுவார். நான் போன் பறிபோன கதையைச் சொல்லேக்க அவர் கேட்ட முதல் கேள்வி, கள்ளன் ஆர் எண்டு இல்ல, "பொலிசுக்கு ஏன் போனனீ?"

என்ட போன் இன்னும் கிடைக்கேல்ல. புதுசு வாங்கி பழைய நம்பரையே எடுத்திட்டன், பொலிஸ்ல இருந்து ஒரு கோலும் வரேல்ல. அண்டைக்கு ஸ்டேஷன்ல என்ட இன்ஸ்டா ஐடியை அந்த நெதர்லாந்துப் பிள்ளை கேட்டு எழுதினவ. ரெண்டு கிழமைக்குப் பிறகு எல்லயில ஒன்பது வளைவுப் பாலத்தில நிண்டு எடுத்த போட்டோ ஒண்டு அனுப்பினா, இலங்கைப் பொலிஸ் மாதிரி ஒரு பொலிசைத் தான் கண்டதேயில்லை எண்டும் எழுதியிருந்தா. கீழ இன்னொரு மெசேஜ். உங்கட போன் கிடைச்சுதா எண்டு.

இந்த ஒரு மாசத்தில அதைக் கேட்ட ஒரே ஆள் அவதான்.