மோந்துலியில் ஒரு ஞாயிறு திருப்பலி

அருஷாவிலிருந்து மேற்கே போனால் மோந்துலி. தான்சானியாவில் மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் நாடு இங்கே தொடங்கிவிடுகிறது. மணி அடிக்குமுன்பே கோவிலில் பெண்கள் பக்கம் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பள்ளிப் பையன்கள் கொஞ்சம், பேன்ட் சட்டையில் சில இளைஞர்கள், அவ்வளவுதான். கைத்தடியும் போர்வையுமாய்ப் பெரியவர்கள் வெளியே மரத்தடியில்.

சேசுவைச் சொல்ல வந்தவர்கள் போட்ட கணக்கு இதுவல்ல. 1950-களில் இங்கே பணி தொடங்கிய தூய ஆவி சபைக் குருக்கள் குறிவைத்தது ஆண்களை. வீட்டுத் தலைவன் வந்தால் வீடே வரும் என்ற நம்பிக்கை. பையன்களைச் சேர்க்கப் பள்ளிகள். 1960-களில் வின்சென்ட் டோனவன் என்ற அமெரிக்கக் குரு, பள்ளியை நம்பிப் பயனில்லை என்று ‘போமா’ எனப்படும் மசாய்க் குடியிருப்புகளுக்கே நடந்துபோய்ப் பேசினார். எந்த வழியில் போனாலும், திரண்டு வந்தது பெண்கள்தான்.

அதே காலத்தில் ‘ஓர்பெக்கோ’ என்ற ஆவி பெண்களைப் பிடித்து ஆட்டியது. உடல் உதறும், சோறு இறங்காது. மசாய் மந்திர வைத்தியரான லைபோனின் மருந்துக்கு அடங்காதது ஞானஸ்நானத்துக்கு அடங்கும் என்று பேச்சுப் பரவியது. கோவிலுக்குப் போகாதே என்று தடுத்த கணவனும் நோய் என்றால் என்ன செய்வான்? விட்டுத்தானே ஆக வேண்டும்!

ஆனால் ஆவியை மட்டும் காரணம் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. பால் கறந்ததும் சுரைக்குடுவையிலிருந்து சில துளிகளைத் தெளித்து, மழைக்கும் கன்றுக்கும் பிள்ளைக்குமாக மசாய்களின் கடவுளான எங்காயை வேண்டுவது இங்கே காலங்காலமாகப் பெண்கள் செய்வது. ஜெபம் அவர்களுக்குப் புதிதல்ல. தொழுவத்தில் தனியாகச் செய்ததை ஊர்கூடிச் செய்ய ஓர் இடம் கிடைத்தது.

அதைப் பாட்டில் கேட்டேன். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் அடித்தொண்டையில் வாங்கிப் பாட, தோள் குலுங்கும்போதெல்லாம் கழுத்தைச் சுற்றிய பாசிமணித் தட்டுகள் எழும்பி எழும்பி விழுந்தன. சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்திலிருந்த பாட்டி கைநிறையப் பச்சைப்புல்லை என் கையில் வைத்தார். மசாய் மக்களுக்குப் புல் சமாதானத்தின் அடையாளம். அதை வாங்கிய பிறகு கோபத்தை வைத்திருக்கக் கூடாது. நம் ஊரில் பட்டும் படாமலும் கும்பிட்டு முடித்துவிடுகிறோமே என்று தோன்றியது.

ஒன்று மட்டும் உறுத்தியது. பீடத்தில் குரு, பக்கத்தில் உபதேசியார், அறிவிப்பு வாசித்தவர் எல்லாரும் ஆண்கள். அன்று பள்ளிக்குப் போனவர்கள் பையன்கள், அதனால் இன்றும் புத்தகம் அவர்கள் கையில்.

வெளியே வந்து மரத்தடிப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, நீங்கள் உள்ளே வரவில்லையா?” என்று எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் கேட்டேன். அவர் கூச்சமே படாமல் சொன்னார்: “என் மனைவிகள் இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வார்கள்.”