555 புத்தகம்

மளிகைக் கடைகளில் கடன் எழுதி வைப்பார்களே, உள்ளங்கை அகலத்தில் 555 என்று அட்டையில் அச்சடித்த புத்தகம், அதில்தான் என் புற்றுநோயின் கணக்கு முழுவதும் இருக்கிறது. முதல் நாள் மருத்துவர் பேசியதில் பாதி, வீட்டு மின்தூக்கியில் ஏறுவதற்குள் மறந்துபோயிற்று. அடுத்த முறை போகும்போது, மலேசியாவின் பினாங்குத் தீவில் நாங்கள் இருக்கும் பக்கம், ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கத்துக் கடையில் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த வழியில் போக நேரும் ஒருத்திக்காவது உதவட்டும் என்று, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

புத்தகத்தில் இல்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் சர்க்யூட் பலகைகளை வைத்து, கடுகளவு குறை இருந்தாலும் பிடிப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்டவள், 2024 பொங்கல் கழிந்த வாரத்தில் குளிக்கும்போது வலது மார்பின் மேற்புறத்தில் புளியங்கொட்டை போல ஒன்று தட்டுப்பட்டதும், ‘வலிக்கவில்லையே’ என்று சொல்லித் தேர்ச்சி முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். வலிக்காததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பது அப்போது தெரியாது. பெரும்பாலான புற்றுக்கட்டிகள் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லையாம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் உடைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்து, இந்த வயதில் ஹார்மோன் கட்டிகள் வருவது சாதாரணம் என்று சொல்லி, ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் விழுங்கினேன். அவர் மீது கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் பிஸ்கட் டின்னுக்குள் வேறொன்றும் இருந்தது. நான் 40 வயதைத் தொட்டபோது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து வந்த இலவசப் பரிசோதனைச் சீட்டு. பெண்களுக்கு மெமோகிராமும், அதாவது மார்பின் எக்ஸ்ரே படமும், அதில் சேர்த்திதான். ஏழு ஆண்டுகளாக மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் அப்படியே கிடந்தது. அந்தக் கோபத்தை யார் மீது காட்டுவது?

ஏப்ரலில் கட்டி கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்து, தோலை உள்ளே இழுக்கத் தொடங்கியது. கண்ணாடி முன் கையைத் தூக்கினால் அந்த இடத்தில் மட்டும் ஒரு குழி விழும். மறுநாளே அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி எண் சீட்டு வாங்கினேன். அங்கிருந்த இளம் டாக்டர் பத்து நிமிடம் பொறுமையாகச் சோதித்தார். அக்குளையும் கழுத்தெலும்பின் மேற்புறத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, ‘அவசரம்’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார். இந்தக் கடிதம் இருந்தால் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். பணம் இல்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று சோதனைகள்: கையால் சோதிப்பது, படம் எடுப்பது, சதைத் துணுக்கு எடுப்பது. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்புவார்கள். எங்கள் வேலையிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. மெமோகிராம் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும். வலி இருக்கும், சில நொடிகளில் போய்விடும். துணுக்கு எடுக்க மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு, ஒரு கருவி ‘டக்’ என்று சத்தம் போடும். பெரிய ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் துள்ளிவிழுந்தேன், ஊசிக்கு அல்ல.

பத்து நாள் கழித்து அழைத்தார்கள். கணவருக்கு அன்று ஈப்போவுக்கு லாரி ஓட்டம். என் மகள் உடன் வந்தாள். அறுவை மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண். ‘கெதும்புஹான்’ என்று தொடங்கினார். மலாயில் அது வெறும் வளர்ச்சி, கட்டி என்றுதான் பொருள்படும். என் முகத்தைப் பார்த்தார். சற்று நிறுத்தி, “புவான், இது கேன்சர்” என்று நேராகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மாமியாருக்கு அது ‘அந்த வியாதி’. என் அண்ணனுக்கு ‘உன் உடம்பு விஷயம்’.

555 புத்தகத்தில் அதிகம் கசங்கிய பக்கம் சோதனை அறிக்கையை எழுதி வைத்த பக்கம்தான். பிரதி கேட்டால் கொடுப்பார்கள், கேட்க வேண்டும். அதில் மூன்று வரி முக்கியம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 8-க்கு 8, புரோஜெஸ்டிரோன் ஏற்பி 8-க்கு 6, புற்றணுவை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதத்துக்கு நேரே 2+. முதல் இரண்டும், கட்டி என் சொந்த ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதை மாத்திரையால் பட்டினி போடலாம் என்று சொல்கின்றன. மூன்றாவதுதான் படுத்தியது. ஹெர்-2 0 அல்லது 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ என்றால் இரண்டும் இல்லை, மரபணு அளவில் வேறொரு சோதனைக்கு அனுப்ப வேண்டும். தொழிற்சாலையில் மஞ்சள் சீட்டு ஒட்டி ஓரமாக நிறுத்தி வைப்போமே, ‘முடிவு தெரியும்வரை தொடாதே’ என்று, அந்த மஞ்சள் சீட்டு என் மீது ஒட்டியிருந்தது. மூன்று வாரம். கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றையும் சேர்த்தாலும், என்னை அதிகம் உடைத்தவை அந்த மூன்று வாரங்கள்தான். காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியைப் பார்ப்பேன். பிறகு சமைப்பேன். முடிவு ‘இல்லை’ என்று வந்தது. மகிழ்ச்சி அடைய வேண்டுமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் ‘தெரிமா காசே’ என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

மார்பை முழுவதும் எடுப்பதா, கட்டியையும் அதைச் சுற்றிய சதையையும் மட்டும் எடுப்பதா? மருத்துவர் இரண்டையும் வரைந்து காட்டினார். கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு கட்டாயம் கதிர்வீச்சு வேண்டும், அப்படிச் செய்தால் உயிர்வாழும் வாய்ப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றார். வீட்டுக்கு வந்தால் ஒரு மாநாடே காத்திருந்தது. “முழுவதும் எடுத்துவிடு, எதற்கு ஆபத்தை வைத்துக்கொள்வது” என்று மார்பே இல்லாத என் அண்ணன் அடித்துப் பேசினார். நான் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அதுவாக இருக்கலாம்.

ஜூன் முதல் வாரம் அறுவை. அக்குளில் புற்று முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்களைக் கண்டுபிடிக்க நீலச் சாயம் செலுத்துவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும் என்று மிஸ்ஸி, அதாவது தாதி, முன்பே சொல்லியிருந்தும் கழிப்பறையில் கத்திவிட்டேன். எடுத்த மூன்று கணுக்களில் ஒன்றில் புற்று இருந்தது. கட்டி 2.8 சென்டிமீட்டர். கணக்குப்படி இரண்டாம் நிலை, ‘பி’. மீதிக் கணுக்களை அகற்றத் தேவையில்லை, கதிர்வீச்சு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆனாலும் வலது கையில் ஊசி, இரத்த அழுத்தப் பட்டை வேண்டாம் என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். கையை உயர்த்துவதற்கான பயிற்சி சுவரில் விரல்களை நண்டு போல ஏற்றுவது. மகள் தினமும் பென்சிலால் கோடு போடுவாள். இரண்டாம் வாரம் கோடு கீழே இறங்கியபோது, “அம்மா, நேற்று பொய் சொல்லி ஏற்றினீர்களா?” என்று விசாரணை நடத்தினாள்.

கீமோ ஆறு முறை, 21 நாளுக்கு ஒன்று. முதல் மூன்றில் ஒரு மருந்து செக்கச்செவேல் என்றிருக்கும். அதை மிஸ்ஸி பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மெதுவாகச் செலுத்துவார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். நிறம் அச்சாகச் சிராப் தண்ணீர், அதாவது ரோஜா சர்பத். அதில் பால் கலந்த சிராப் பண்டோங்கைக் கண்டால் இன்றும் வயிறு புரள்கிறது. கல்யாண வீடுகளில் நான் வெறும் தண்ணீர்தான் கேட்பேன்.

பக்கத்து நாற்காலியில் நிபோங் திபாலிலிருந்து வரும் ஓர் அக்கா. 63 வயது, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு ஹெர்-2 3+. ஓராண்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்தை எக்கோ ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி தாளை மகனிடம் கொடுத்துத் தொலைத்து, ஒருமுறை எக்கோவைத் தவறவிட்டிருந்தார். நான் இன்னொரு 555 வாங்கி, தேதிகளைப் பெரிய எண்களில் எழுதி, எக்கோ நாளுக்கு மட்டும் ஓர் இதயம் வரைந்து கொடுத்தேன். “தங்கச்சி, இது கடைக்காரன் புத்தகம் ஆயிற்றே, நான் யாருக்குக் கடன்?” என்று கேட்டுச் சிரித்தார்.

முதல் கீமோ முடிந்த 16-ஆம் நாள் தலையணை முழுவதும் முடி. லிட்டில் இந்தியாவில் ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போய் மழித்துக்கொண்டேன். மறுநாள் சந்தையில் கீரைக்காரம்மா, “எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்று கேட்டார். யோசிக்காமல் “தண்ணீர்மலைக்கு” என்றேன். பினாங்கில் மலைமேல் இருக்கும் முருகன் கோயில் அது. நல்ல பொய். அடுத்த நான்கு மாதம் அதையே எல்லோரிடமும் சொன்னேன். நம் ஆட்கள் மொட்டைத் தலையைப் பார்த்தால் முருகனைத்தான் நினைப்பார்கள், அதனால் தலைக்குத் துணி கட்டும் தொல்லைகூட எனக்கு இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்கிறேன். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரண்டாம் கீமோ முடிந்த ஒன்பதாம் நாள் இரவு எனக்கு 38.4. ‘காலையில் பார்க்கலாம்’ என்றுதான் நினைத்தேன். மகள் 555-ஐ என் முகத்துக்கு நேரே விரித்து, நானே எழுதியிருந்த வரியைக் காட்டினாள். வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. நான்கு நாள் ஊசிவழி நோய்க்கொல்லி மருந்து. அதனால் மூன்றாம் கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. பிறகு ஒவ்வொரு முறையும் வெள்ளணுக்களை ஊக்குவிக்கும் ஊசி போட்டார்கள். அதைப் போட்ட இரவுகளில் எலும்பு உள்ளிருந்து குடைந்தது.

இதற்கிடையில் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த டுரியான் பிலாண்டா (முள்சீத்தா) இலை ஆறு பை. காய்ச்சிக் குடித்தால் எதையும் கரைக்குமாம். மருத்துவரிடம் கேட்டேன். கீமோ நடக்கும்போது ஈரல் ஏற்கெனவே சுமக்க முடியாமல் சுமக்கிறது, புதிதாக எதையும் ஏற்றாதீர்கள் என்றார். இலைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, “குடித்தேன், நன்றாக இருக்கிறது” என்று ஆறு பேரிடமும் சொன்னேன். பொய்களின் ஆண்டு அது.

பின் மூன்று கீமோவும் வேறு மருந்து. நகம் கறுத்தது, வாயில் பழைய ஐந்து காசு நாணயத்தின் சுவை. தீபாவளி முறுக்கு மாவும் உப்பும் இல்லாத மரத்தூள் போலிருந்தது. நவம்பர் 4-ஆம் தேதி கடைசி.

கதிர்வீச்சு தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில், மவுண்ட் மிரியம் மருத்துவமனையில். பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் 1976-இல் தொடங்கிய இடம், லாப நோக்கம் கிடையாது. மேசையில் கிடத்தி, கதிர் படும் இடத்தைக் குறித்து, தோலில் மிளகளவுகூட இல்லாத புள்ளிகளைப் பச்சை குத்தி வைத்தார்கள். வார நாட்களில் 15 முறை. மேசையில் சில நிமிடங்கள்தான், பஸ்ஸில்தான் நாள் போகும். கடைசி வாரத்தில் தோல் அடிப்பிடித்த பால் சட்டி போல் ஆனது. இப்போது தினமும் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு. நடு இரவில் காது வழியாக ஆவி பறப்பது போலச் சூடு ஏறும். கணவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசம். சொன்ன பொய் நினைவுக்கு வந்து தண்ணீர்மலைக்குப் போனேன். அடிவாரத்தில் மொட்டை போடும் வரிசையில் நின்று, என் முறை வரும் நேரத்தில் விலகிவிட்டேன். அப்போதுதான் ஓர் அங்குலம் முளைத்திருந்தது, குழந்தை முடி போலச் சுருளாக. கொடுக்க மனம் வரவில்லை. சரி, மலையாவது ஏறலாம் என்று தொடங்கினேன். மொத்தம் 513 படிகள். மகள் தண்ணீர்ப் போத்தலுடன் பின்னால் வந்தாள், நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். ஓரிடத்தில் கால் நடுங்கியது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுதினேன்:

முடி – பாக்கி.
படி – 513. ஏறியது 216. மீதி 297.