மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சுகர், பிரஷர் செலவைக் குறைக்கும் வழி

வீட்டில் சுகருக்கும் பிரஷருக்கும் சேர்த்து மாத்திரை போடுகிற பெரியவர் இருந்தால், கடை மாற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டப்பாவில் உள்ள எல்லா அட்டைகளையும் தரையில் கொட்டிப் பின்பக்கமாகத் திருப்புங்கள். முன்னால் பளிச்சென்று இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதைப் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னால் ஒரு மாத்திரையில் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளைக்கு. 'மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்., காலை 1, இரவு 1, சாப்பாட்டோடு.' 'டெல்மிசார்டன் 40, காலை 1.' முன்னது சுகருக்கு, பின்னது பிரஷருக்கு. இவ்வளவுதான்.

அந்த 'எஸ்.ஆர்.' என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர். அது மெதுவாகக் கரைகிற மாத்திரை. சாதா 500 சீக்கிரம் கரைவதால் சிலருக்கு வயிறு கலக்கும், பேதியாகும். எஸ்.ஆர். மாத்திரையைப் பாதியாக உடைத்தோ பொடித்தோ போட்டால் மெதுவாகக் கரைகிற வேலையே கெட்டுவிடும். கிளிமிபிரைடு என்ற இன்னொரு சுகர் மருந்தும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பெயருக்குப் பின்னால் வருகிற 1, 2 என்பது பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவு. 1-க்குப் பதில் 2 வந்துவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்துக் கை நடுங்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நோட்டையும் கொண்டு போங்கள். "சார், மருந்து பேரையே எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதியே 2016-ல் திருத்தப்பட்டது.

சீட்டு சரியாகிவிட்டால் முதல் வாசல் ஆரம்ப சுகாதார நிலையம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஒருமுறை நேரில் போய் சுகர், பிரஷர் பார்த்துப் பதிவு செய்துகொண்டால், நடமாட முடியாதவர்களுக்குத் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருவார். காசு கிடையாது. ஆனால் அரசு மாத்திரை பெரும்பாலும் தனித்தனியாகத்தான் வரும். வெளியில் ஒரே மாத்திரையாகப் போட்டது இங்கே இரண்டாகலாம்.

பெரிய தப்பு நடப்பதும் இங்கேதான். தனியார் கடையில் வாங்கியது டப்பாவில் மிச்சம் இருக்கும், அரசு மாத்திரையும் வந்து சேரும். நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் இரண்டையும் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து. பத்து நாளில் கால் வீங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். புது அட்டை வந்த அன்றே பழையதையும் எடுத்துப் போய் நர்ஸிடம் காட்டி, எதை நிறுத்துவது என்று நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அரசில் கிடைக்காத மருந்துக்குக் குறைந்த விலைக் கடைகளான மக்கள் மருந்தகம் (மத்திய அரசின் ஜன் அவுஷதி கடை), அல்லது 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகம். இரண்டிலும் சீட்டு வேண்டும். எல்லா மருந்தும் எப்போதும் இருக்காது. பென்னாகரத்திலிருந்தோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்தோ பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினால், மிச்சம் பிடித்தது டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். போன் செய்து கேட்டுவிட்டு, மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே கிளம்புங்கள். ஜன் அவுஷதி சுகம் என்ற செயலியில் மருந்துப் பெயரைப் போட்டு விலையும் பக்கத்துக் கடையும் பார்க்கலாம்.

விலையை அட்டைக்கு அட்டை ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஒன்றில் 10 இருக்கும், இன்னொன்றில் 15. அட்டை விலையை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு மாத்திரை விலையைப் பாருங்கள். 105 ரூபாய்க்கு 15 என்றால் ஒன்று 7 ரூபாய், 80 ரூபாய்க்கு 10 என்றால் 8 ரூபாய். 'டிஸ்கவுண்ட்' போர்டைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கு. அட்டையை வெட்டி வாங்கினால் காலாவதித் தேதி உள்ள துண்டு நம்மிடம் வர வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளில் சின்ன வித்தியாசமும் தெரியும். கம்பெனி மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை மாறினால் ஆறேழு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் உண்டு. டெல்மிசார்டனை அட்டையிலிருந்து பிதுக்கி வாரப் பெட்டியில் போட்டு வைப்பதும் வேண்டாம், ஈரம் இழுத்துக் கெட்டுவிடும்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மூட்டு வலி இல்லாத வீடு குறைவு. ஒகேனக்கல் குடிநீர் வரும் முன் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த முழங்கால்கள் இவை. வலி தாங்காமல் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும், கிட்னியையும் பதம் பார்க்கும். பிரஷர் ஏறியதால் டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார். வலி மாத்திரை போடுவதை அவரிடம் சொல்லவே மாட்டோம்! நோட்டில் அதையும் எழுதுங்கள். பாராசிட்டமால் போதுமா என்று அவரையே கேளுங்கள்.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலமும் ஒரு லிட்டரில்தான் கரைய வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் உப்பளவு தாறுமாறாகும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் எழுதாமல் வாங்காதீர்கள். அப்படிக் கோடு போட்டு வரும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் சாதாரண சளிக்குப் பிரயோஜனமும் இல்லை.

மாம்பழ சீசனில் சுகர் ஏறி அளவைக் கூட்டியிருந்தால், ஆவணியில் மறுபடி ரத்தம் பாருங்கள். பழம் நின்றுவிட்டது, கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். குறைப்பதை நாமாகச் செய்யாமல், ரிசல்ட்டையும் நோட்டையும் டாக்டர் முன் வைத்துக் கேளுங்கள்.