உஸ்ஸ்

மார்ச் 3
வலது காதுல இன்னும் ஒண்ணும் கேக்கல.

மார்ச் 4
மாத்திரை ரெண்டாவது நாள், 60 மில்லிகிராம். தூக்கம் போச்சு, பசி மட்டும் பேய்ப்பசி. ராத்திரி 2 மணிக்கு டாக் டாக்ங்கிற இங்கிலீஷ் பேண்டோட ‘லாஃபிங் ஸ்டாக்’ ஆல்பத்தைப் போட்டேன். முதல் பாட்டுல கிட்டார் வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெறும் ஆம்ப்ளிஃபையர் இரைச்சல்தான், உஸ்ஸ்னு. இத்தனை வருஷமா அந்த உஸ்ஸ்க்காகவே ஆல்பத்தை முதல்ல இருந்து போடுற ஆளு நான். நேத்து அது எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல, காதுக்குள்ளயே அதே உஸ்ஸ் நாள் முழுக்க ஓடுது, பிளே அமுக்கினேனா இல்லையான்னு ஸ்கிரீனைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மார்ச் 5
அம்மா இன்னிக்கும் வலது பக்கம் நின்னே பேசுறாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

மார்ச் 6
போன்ல மோனோ ஆடியோ போட்டுவிட்டேன், ரெண்டு பக்கச் சத்தமும் இடது காதுக்கே வந்துடும். வந்துச்சு. ஆனா எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு நிக்குது, கூட்ட நெரிசல் பஸ் மாதிரி. இது மைக்கை ஒட்டி வைக்காம தள்ளி வச்சுப் பதிஞ்ச ஆல்பம், காத்துதான் இதுல பாதி. லண்டன்ல வெசெக்ஸ் ஸ்டூடியோ, 1990ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் வரைக்கும், ஜன்னலை அடைச்சு, கடிகாரத்தைக் கழட்டி, இருட்டுல. வாசிக்க வந்தவங்க 50 பேர் கிட்ட, கடைசியில ஆல்பத்துல நின்னது 18 பேர்தான். அவ்ளோ பாடுபட்டு அவங்க இடம் விட்டு வச்சதை நான் ஒரே சுவிட்சுல தட்டையாக்கிட்டேன். அணைச்சுட்டேன். பாதி வாத்தியம் காணாமப் போனாலும் பரவால்ல.

மார்ச் 8
காது டெஸ்ட். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டின டப்பா ரூம், கடிகாரம் இல்ல (சிரிப்பு வந்துச்சு). லேசா கேட்டாலும் அமுக்குங்கன்னு பட்டனைக் கையில குடுத்தாங்க. என் உஸ்ஸுக்கே நாலு தடவை அமுக்கிட்டேன் போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்குற பொண்ணு நிமிர்ந்து பாக்குது, ஒண்ணும் சொல்லல.
வலது காதுக்கு 70 டெசிபல். அதுக்குக் கம்மியான சத்தம் எதுவும் கேக்காதாம்.

மார்ச் 9
அதே ஆல்பத்துல ‘அசென்ஷன் டே’ வந்ததும் தள்ளிவிட்டேன். சத்தம் உச்சத்துல இருக்கும்போதே சடார்னு வெட்டி முடியுற பாட்டு. முன்னாடி அந்த வெட்டுக்கு ஆளுங்க முகத்தைப் பாக்கவே போட்டுக் காட்டுவேன்.
பல்லு விளக்கிட்டு இருந்தேன், காது போன அன்னிக்கு.

மார்ச் 11
டாக் டாக்கோட பாடகர் மார்க் ஹாலிஸ் 1991ல இந்த ஆல்பத்தை முடிச்சாரு, பேண்டும் அதோட சரி. 1998ல தன் பேர்ல ஒரு ஆல்பம். அப்புறம் 2019ல சாகுற வரைக்கும் இன்னொரு ஆல்பம் இல்ல. மௌனம் மௌனம்னு இதைப் பத்தி நானே பக்கம் பக்கமா எழுதியிருக்கேன், இப்பப் படிச்சா கடுப்பா வருது. அவரு வேணும்னு எடுத்துக்கிட்டாரு. என்கிட்ட யாரு கேட்டா? அதுவும் மௌனமா வந்தாக்கூடப் பரவால்ல, உஸ்ஸ்.

மார்ச் 13
காதுக்குள்ள ஊசி. அரை மணி நேரம் ஒருக்களிச்சுப் படுத்து எச்சில் முழுங்காம இருக்கணுமாம். முழுங்காதேன்னு சொன்னாத்தான் வாய் நிறைய ஊறுது.

மார்ச் 14
ஒண்ணும் இல்ல.

மார்ச் 16
இடது காதை அடைச்சுட்டு வலதுல மட்டும் ‘நியூ கிராஸ்’, ஃபுல் வால்யூம். தகர டப்பாவுக்குள்ள யாரோ கரண்டியால தட்டுற மாதிரி ஒண்ணு. டிரம்மர் லீ ஹாரிஸோட சிம்பலா இருக்கலாம். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு, எங்க என்ன வரும்னு மண்டைக்கே தெரியும், அதுவே வாசிச்சுக் காட்டுதோ என்னவோ. தங்கச்சிகிட்ட போனைக் குடுத்தேன், நான் கண்ணை மூடிக்கறேன், நீ பிளே பண்ணு இல்ல பண்ணாத, சொல்லாதன்னு. மூணுல ரெண்டு சரின்னா. அவ பொய் சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிடும், நான்தான் கண்ணை மூடியிருந்தேனே.