கர்னலின் தனிக்குடித்தனம்

என் சித்தப்பா பையனின் லேப்டாப்பில் ஒரு கோளாறு. மூடித் திறந்தால் டச்பேட் செத்துவிடும், ரீஸ்டார்ட் செய்தால்தான் உயிர் வரும். அதற்கு ஒரு பேட்ச், அதாவது திருத்தம், இருந்தது, இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காக, சிஸ்டத்தின் மையமான கர்னலையே சோர்ஸிலிருந்து கட்ட, அதாவது கம்பைல் பண்ண வேண்டும். அவன் மெஷின் விடிய விடிய ஓடினாலும் முடிக்காது என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அவனுடையது டெபியன் 12 என்ற லினக்ஸ். வைத்திருந்தது 6.1 கர்னலின் பழைய சோர்ஸ். கம்பைல் செய்யும் கருவியாக என்னிடம் இருப்பதோ ஜிசிசி 15. ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் எர்ரர் வந்து நின்றது. சோர்ஸில் ஃபால்ஸ் என்றால் 0, ட்ரூ என்றால் 1 என்று ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜிசிசி 15 தானாகவே சி மொழியின் புதிய சி23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் அந்த இரண்டும் மொழியின் சொந்தச் சொற்கள், வேறு யாரும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது. பொய்க்குக்கூட இவ்வளவு உரிமை கொண்டாடுவார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

சரி, பழைய ஜிசிசியோடு ஒரு டெபியன் 12-ஐத் தனியாக ஒரு ஃபோல்டரில் வைத்து, அதற்குள்ளே போய் வேலையை முடிப்போம் என்று முடிவானது. டிபூட்ஸ்ட்ராப் என்ற கருவி அடிப்படை சிஸ்டத்தை இறக்கி வைத்துவிடும். கர்னலையும் சாதனங்களையும் காட்டும் என் கணினியின் பிராக், சிஸ், டெவ் ஃபோல்டர்கள் மூன்றையும் அதற்குள் மவுண்ட் செய்து, அதாவது இணைத்துவிட்டு, சிஎச்ரூட் என்ற கமாண்ட் அடித்தால் அந்த ஃபோல்டர்தான் இனி உலகம். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புக் காலத்து வித்தை இது, இன்னும் வேலை செய்கிறது.

இதைத் தனிக்குடித்தனம் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். வாசல் வேறு, அடுப்பு வேறு, ஆனால் கரண்ட் மீட்டர் ஒன்றுதான். உள்ளே ஓடுவதும் வெளியே ஓடும் அதே கர்னல். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் எங்கேயோ எடுத்த ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, ஹெடர்ஸ் இன்ஸ்டால் பண்ணச் சொல்லியிருக்கு" என்று அதற்கான கமாண்டை டைப் செய்தான். ஹெடர்ஸ் என்பது கர்னல் வெர்ஷனுக்கேற்ற துணை ஃபைல்கள். அந்த கமாண்ட், ஓடும் கர்னலின் விவரம் சொல்லும் யூநேமைக் கூப்பிட்டு வெர்ஷன் கேட்கும். யூநேம் என் கணினியின் புதுக் கர்னல் வெர்ஷனைச் சொன்னது. டெபியன் 12 அப்படி ஒரு பேக்கேஜையே கேள்விப்பட்டதில்லை என்று கைவிரித்தது.

"இது டெபியன்தானே?"

"டெபியன்தான்டா."

"அப்புறம் ஏன் உங்க கர்னல் பேரைச் சொல்லுது?"

"ஓடுறது என் கர்னல்."

"அப்ப நாம கட்டுறது?"

"உன் கர்னல்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கர்னலைக் கட்டுவதற்கு அந்த ஹெடர்ஸே தேவையில்லை என்பதை நானும் சொல்லவில்லை.

உள்ளே லோக்கல்மாட்கான்ஃபிக் அடித்தாலும் இதே கதைதான். இப்போது லோடாகி இருக்கும் மாட்யூல்களை, அதாவது தேவைக்கேற்பச் சேரும் கர்னல் துண்டுகளை, மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும் அருமையான வசதி அது. ஆனால் அது எட்டிப் பார்ப்பது என் கணினியின் மாட்யூல்களை. அதனால் அவன் லேப்டாப்பில் லோடான மாட்யூல்களின் பட்டியலை எல்எஸ்மாட் கமாண்டில் எடுத்து ஒரு ஃபைலாக அனுப்பச் சொல்லி, அதைக் கொடுத்தோம். பழைய கான்ஃபிக்கில், அதாவது கர்னல் அமைப்புகளின் பட்டியலில், இல்லாத ஆப்ஷன் ஒவ்வொன்றையும் அது நிறுத்தி நிறுத்திக் கேட்கும். பாதிக்கு மேல் "சந்தேகம் இருந்தால் 'N' அழுத்து" என்று உதவிக் குறிப்பு. எங்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் இருந்தது.

ஃபேன் இரைச்சல் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா செய்யுறீங்க?"

"கர்னல் கட்டுறோம்."

"கட்டி முடிச்சா என்ன ஆகும்?"

"இவன் லேப்டாப் ஆன் ஆகும்."

"இப்ப ஆன் ஆகலையா?"

"ஆகுது."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கட்டி முடித்த கர்னல், இன்ஸ்டால் செய்யத் தயாரான டெப் ஃபைலாக வந்தது. ஃபோல்டரை அழிக்கும் முன் டெவ்வை அன்மவுண்ட் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அழிவது என் கணினியின் டெவ். அன்மவுண்ட் செய்தால் "பிஸி" என்றது. உள்ளே ஜிபிஜி ஏஜென்ட் என்ற, ரகசியச் சாவிகளைக் காக்கும் ஒரு புரோகிராம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் கிளப்பிவிட்டுத்தான் அழித்தேன்.

அன்று ராத்திரி தம்பி போன் செய்தான். டச்பேட் பிரமாதமாம், மூடித் திறந்தாலும் அசையுதாம்.

"ஆனா அண்ணே, வெப்கேம் வரல."

"யூஎஸ்பி வெப்கேமா?"

"ஆமா."

"எல்எஸ்மாட் எடுத்தப்ப சொருகியிருந்தியா?"

"அப்ப அது டப்பாவுக்குள்ள இருந்துச்சு."

ஃபோல்டரை அழித்தாயிற்று என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, டிபூட்ஸ்ட்ராப்பை மறுபடி ஓடவிட்டேன்.