பதிவு 43, வருகை

18.01.2021, திங்கள்

நாளை பத்தாம் வகுப்புக்குப் பள்ளி திறப்பு. இன்றைக்கு முழுக்க ஜன்னலோடு மல்லுக்கட்டு. கொரோனாவால் பத்து மாதம் சாத்திக் கிடந்ததில் கொக்கியெல்லாம் துரு. போதாக்குறைக்குப் பொங்கல் மழையில் மரச்சட்டம் ஊறி உப்பிவிட்டது. பி.டி. சார் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, கோழி இறகால் தடவித் தடவி ஆறு ஜன்னலைத் திறந்தார். ஏழாவதில் குளவிக் கூடு. அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டோம்.

பழைய ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் 16.03.2020 என்று இருக்கிறது. என் கையெழுத்துதான். பதிவு 43, வருகை 39. அன்றைக்கு வராத நான்கு பேர் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். அதற்குள் தூய்மைப் பணியாளர் அக்கா ஈரத்துணியோடு வந்து, “அழிச்சிடவா டீச்சர்?” என்றார். அழிக்கச் சொன்னேன்.

ஒரு அறையில் 25 பேருக்கு மேல் கூடாது. 43ஐ 22, 21 என்று இரண்டாகப் பிரித்தாயிற்று. பெஞ்சுக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு ஓரம். எண்களைக் காகிதத்தில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். 17ஆம் எண் பெண்ணுக்கு ஜன்னலோரம். அவளுக்கு மார்கழி, தை என்றாலே இழுக்கும்.

19.01.2021, செவ்வாய்

31 பேர் வந்தார்கள்.

வாசலில் வெப்பமானித் துப்பாக்கியோடு நான். முதல் பையனுக்கு 92.6. இரண்டாவது பையனுக்கு 91.8. உண்மையில் அந்த அளவு என்றால் இரண்டு பேரையும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். பனியில் சைக்கிள் மிதித்து வந்த நெற்றி, அதுவும் நான் ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அது என்ன காட்டும்? பதிவேட்டில் அப்படியே எழுதவா என்று கேட்டேன். “எழுதுங்க, ஆனா பாத்து எழுதுங்க” என்றார் தலைமையாசிரியர். என்ன அர்த்தமோ.

பெற்றோர் சம்மதக் கடிதம் கட்டாயம். வருகை கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டால் வரலாம், இல்லையென்றால் வீட்டிலிருந்தே படிக்கலாம். சரியான விதிதான், யாரையும் வற்புறுத்தக் கூடாது. சம்மதக் கடிதங்களில் ஏழெட்டு, பிள்ளைகளே போட்ட கையெழுத்து. ‘ற’வைச் சுழிக்கிற விதத்திலேயே எனக்குத் தெரியும். இரண்டில் கைநாட்டு. அவைதான் சந்தேகமில்லாதவை.

17இன் கடிதம் பக்கத்து வீட்டுப் பையன் கையில் வந்தது. அவள் வரவில்லை.

20.01.2021, புதன்

சோப்பு மூன்றும் காணோம்.

21.01.2021, வியாழன்

இனிமேல் சோப்பை நூலால் இரண்டாக அறுத்து, பழைய கொசுவலைத் துணியில் முடிச்சுப் போட்டுக் குழாயில் தொங்கவிடுவது என்று முடிவு. அக்காவின் யோசனை.

ஒரே பாடத்தை இரண்டு அறையிலும் நடத்த வேண்டும். மாஸ்க்கோடு கத்திக் கத்தி, மாலையில் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வருகிறது. தமிழய்யா மூக்கை வெளியே விட்டுத்தான் போடுகிறார். பிள்ளைகள் அவரைப் பார்த்து அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள். யார் அவரிடம் சொல்வது? நான் சொன்னேன். “மூக்கை மூடினா ழகரம் வரமாட்டேங்குதும்மா” என்றார். சிரித்துவிட்டேன், அதோடு விஷயம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கொல்லை வழியாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே. அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தினமும் அதே கேள்வி: “இன்னிக்கு எத்தன புள்ளைக்குக் காய்ச்ச?” யாருக்கும் இல்லையம்மா. “காய்ச்ச இல்லன்னா வியாதி இல்லன்னு அர்த்தமா?” இல்லைதான். எழுபத்து மூன்று வயது, சர்க்கரை, அறிவியல் டீச்சரிடம் கேள்வி.

23.01.2021, சனி

சனிக்கிழமையும் பள்ளி உண்டு. 34 பேர்.

ஒரு பையனுக்கு 100.8 காட்டியது. வரிசையே இரண்டடி பின்வாங்கியது. அவன் முகம் செத்துப்போயிற்று. கூத்தாநல்லூர் ரோட்டிலிருந்து வெயிலில் ஒரே மூச்சாக மிதித்து வந்திருக்கிறான். புங்கமரத்தடியில் பத்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்பப் பிடித்தேன். 97.1. உள்ளே போகும்போது மற்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். தேவைக்கு மேலேயே வழிவிட்டார்கள். மதியம் தனியாகச் சாப்பிட்டான். சாப்பாட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அவன் தனியாகச் சாப்பிட்டது அதனால் இல்லை.

26.01.2021, செவ்வாய்

கொடியேற்றம். மிட்டாய் இல்லை.

28.01.2021, வியாழன்

தைப்பூசம். இந்த வருடம் முதல் அரசு விடுமுறை. துணி ஊறவைத்தேன், ஐந்து மாஸ்க் தனி வாளியில்.

17இன் எண்ணுக்கு மூன்று முறை போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

அம்மா தன் சின்ன வயதில் தெருவில் அம்மை வந்த கதையைச் சொன்னார். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் படியேற மாட்டான். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரை பிள்ளையை வெளியே விடக் கூடாது. “ஒரு சர்க்குலரும் வரல, ஊரே கேட்டுச்சு” என்றார். எல்லாரும் பிழைத்தார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அப்புறம் வெகுநேரம் கழித்து, “எங்க அக்கா போயிட்டா” என்றார். எனக்கு இப்படி ஒரு பெரியம்மா இருந்ததே இன்றைக்குத்தான் தெரியும்.

02.02.2021, செவ்வாய்

வைட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை கொடுத்தோம். ஜிங்க்கைக் கடித்துப் பார்த்து முகம் சுளிக்காதவன் ஒருத்தன்கூட இல்லை. துத்தநாகம், அணு எண் 30 என்று அதை வைத்தே ஒரு பாடம் நடத்தினேன். 17இன் பங்கை ஒரு கவரில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

04.02.2021, வியாழன்

கரும்பலகையில் பதிவு 43 என்று எழுதிவிட்டு வருகை என்ற இடத்தில் கை நிற்கிறது. முன்பெல்லாம் ஒருத்தர் மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் ஆள் அனுப்புவேன், ஐந்தாம் நாள் நானே போய் நிற்பேன். அது என் வேலை. பயந்துகொண்டாவது அனுப்புவார்கள். இப்போது போய் நின்றால் என்னவென்று கேட்பது? வருகை கட்டாயமில்லை என்று எழுதிய தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதே நான்தான். வராத ஒன்பது பேரில் ஐந்து பேர் நிஜமாகவே பயத்தில் வரவில்லை, அவர்கள் வீட்டில் எனக்குத் தெரியும், தாத்தா பாட்டி இருக்கிறார்கள். இரண்டு பேர் அறுவடைக்குப் போகிறார்கள், மழையில் சாய்ந்த நெல்லுக்கு மெஷின் இறங்காது, ஆள்தான் வேண்டும், கூலியும் கூட. ஒருத்தன் கடையில் நிற்கிறான். எல்லாருக்கும் ஒரே காரணம்தான் எழுத முடிகிறது. கொரோனா அச்சம்.

17 இந்த எட்டில் சேர்த்தி இல்லை.

06.02.2021, சனி

போனேன்.

இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவள் அம்மா உள்ளே கூப்பிடவில்லை, நானும் போயிருக்க மாட்டேன். ஆறடி இடைவெளி எங்கள் இரண்டு பேருக்குமே வசதியாக இருந்தது. “அத்த வூட்ல இருக்கா டீச்சர். கொரனா போவட்டும், அனுப்புறோம்.” எந்த ஊர் அத்தை என்று கேட்டேன். கோழியை விரட்டினார். திண்ணையில் தண்ணீர் இழுத்த கோட்டுக்குக் கீழே சுவர் இன்னும் ஈரம். உள்ளே அவளுடைய புத்தகப்பை ஆணியில் மாட்டியிருந்தது. அதன் பக்கவாட்டுப் பையில் இன்ஹேலர் செருகியிருக்கும் வழக்கமாக. அந்தப் பை தட்டையாக இருந்தது.

மாத்திரைக் கவரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

08.02.2021, திங்கள்

இன்று முதல் ஒன்பதாம் வகுப்பும். ஆறு, ஏழு, எட்டு வராததால் அறைக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு வட்டங்கள் பழைய இடத்திலேயே இருக்கின்றன, நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பத்து மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறார்கள். மாஸ்க்குக்கு மேலே மீசை தெரியவில்லையே தவிர, குரல் காட்டிக்கொடுக்கிறது.

குளவிக் கூட்டை அகற்றியாயிற்று. ஏழு ஜன்னலும் திறக்கின்றன. இந்தப் பள்ளியில் நாங்கள் செய்த காரியங்களிலேயே உருப்படியானது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துப்பாக்கி பிடிப்பதும், கதவுப்பிடிக்குக் கிருமிநாசினி அடிப்பதும் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். மூச்சில் வருகிற நோய்க்குக் காற்றோட்டம் வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். “ஜன்னல் தொறந்திருக்குன்னு எந்தப் படிவத்துல எழுதுறது டீச்சர்?” என்றார். நியாயம்தான், அப்படி ஒரு கட்டமே படிவத்தில் இல்லை.

13.02.2021, சனி

அம்மாவுக்கு இருமல். இரவு முழுக்கக் கணக்குப் போட்டேன். செவ்வாய் யார் அருகில் நின்றேன், யார் தும்மியது, தமிழய்யாவோடு எத்தனை நிமிடம்.

14.02.2021, ஞாயிறு

99.2. வாயில் வைத்துப் பார்த்தது, அதனால் நம்பலாம். நம்பவும் பயமாக இருக்கிறது.

15.02.2021, திங்கள்

விடுப்பு. சோதனை கொடுத்துவிட்டு வந்தோம்.

16.02.2021, செவ்வாய்

ஒன்றும் எழுத ஓடவில்லை.

17.02.2021, புதன்

நெகட்டிவ். பனி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். “நாந்தான் சொன்னனே” என்கிறார் அம்மா. சொல்லவே இல்லை. ரசத்தில் மிளகு கூடப் போட்டேன்.

22.02.2021, திங்கள்

பக்கத்து வீட்டுப் பையனை மடக்கிக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். அப்புறம் சோப்புத் துணியைத் திருகிக்கொண்டே சொன்னான்: “பல்லடம் பக்கம் மில்லு டீச்சர். தீவாளிக்கு முன்னாடியே போயிடுச்சு. லெட்டர நாந்தான் எழுதுனேன். அவங்க அம்மா எழுதச் சொன்னாங்க, பேரு எடுத்துடுவாங்கன்னு.”

நூற்பாலை. பஞ்சு. இழுப்பு உள்ள பிள்ளை.

நான் ஜன்னலோரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

25.02.2021, வியாழன்

ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாரும் தேர்ச்சி என்று முதல்வர் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் அறிவித்துவிட்டார். தேர்வே கிடையாது. செய்தி வந்தபோது ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் முதலில் சத்தம், அப்புறம் இங்கே. பெஞ்சைத் தட்டினார்கள், இடைவெளியெல்லாம் போயிற்று, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். 480 வாங்குவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாளாம்.

43 பேரும் தேர்ச்சி.

26.02.2021, வெள்ளி

தேர்தல் தேதி வந்துவிட்டது, ஏப்ரல் 6. 19 பேர்தான் வந்தார்கள். இனி எதற்கு வர வேண்டும் என்று கேட்கிறார்கள். பதினொன்றுக்கு இது அடிப்படை என்றேன். எனக்கே குரல் எடுபடவில்லை.

02.03.2021, செவ்வாய்

இரவு 8.40க்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் ஒரே இரைச்சல், குழாயடிச் சண்டை மாதிரி.

“டீச்சர், நானும் பாஸா?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நீயும்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது, அந்த விசில் அதில் இருக்கிறதா என்று காதை அழுத்திக் கேட்டேன், இரைச்சலில் தெரியவில்லை. “அப்ப லெவன்த்து சேரலாம்ல டீச்சர்?” சேரலாம், தாராளமாகச் சேரலாம், எப்போது வருகிறாய்? “வைகாசில கணக்கு முடிப்பாங்க.” மாஸ்க் போடுகிறாயா என்று கேட்டேன். “இங்க எல்லாரும் போடணும் டீச்சர், கொரனாவுக்கு முன்னாடியேவாம். யாரும் போட மாட்டாங்க, வேர்க்குது.” இன்ஹேலர்? அதற்குள் யாரோ போனை வாங்கிக்கொண்டார்கள்.

03.03.2021, புதன்

பதினைந்து வயது முடிந்ததா என்று பதிவேட்டில் பார்த்தேன். ஆகஸ்டில் முடிந்திருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போடலாமா? போட்டால் கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்து எங்கே உட்காருவாள்? இங்கே வகுப்புக்கு இப்போது பதினொரு பேர்.

போடவில்லை. நாளைக்கு.

05.03.2021, வெள்ளி

போடவில்லை.

12.03.2021, வெள்ளி

தேர்தல் பணி ஆணை வந்திருக்கிறது. அதற்காகத் தடுப்பூசி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினபோது கிடைக்காத ஊசி, ஓட்டு வாங்கப் போகிறேன் என்றதும் கிடைக்கிறது. கோவிஷீல்டு, இடது கை. அரைமணி நேரம் உட்காரவைத்து அனுப்பினார்கள். இரவு குளிர், கைவலி. அம்மா தெர்மாமீட்டரோடு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “எத்தன?” என்று இந்த முறை நான் கேட்டேன்.

16.03.2021, செவ்வாய்

பக்கத்து மாவட்டம், தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. பலருக்கு அறிகுறியே கிடையாதாம். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு செய்தியைப் படித்தேன்.

ஒரு வருடம் முன்பு இதே தேதியில்தான் 39 என்று எழுதினேன். அந்த நான்காவது ஆள் யார் என்று இன்று காலை பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. அவள்தான். அன்றைக்கும் இழுப்பு.

20.03.2021, சனி

மாநிலத்தில் தினசரி எண்ணிக்கை மறுபடி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. திங்கள் முதல் ஒன்பது, பத்து, பதினொன்று கிடையாது. பன்னிரண்டு மட்டும், அது நம் பள்ளியில் இல்லை. வந்திருந்தவர்கள் 8 பேர். “எப்ப டீச்சர் திரும்ப?” என்று ஒருவரும் கேட்கவில்லை, போன வருடம் கேட்டார்கள். நோட்டீஸ் பலகையிலிருந்து தாள்களை எடுத்தேன். வாக்குச்சாவடிக்கு அறை காலியாக வேண்டும், பெஞ்சு எண்களைச் சுரண்டச் சொன்னார்கள். செல்லோடேப் வந்துவிட்டது, பசை வரவில்லை. பி.டி. சார் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே போனார். எண்ணெய் விட்டது வீண் போகவில்லை, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டன.

21.03.2021, ஞாயிறு

அன்றைக்கு அவள் பேசிய எண்ணுக்குப் போட்டேன். விடுதிப் பொறுப்பாளர் எண்ணாம். நான் யாரென்று மூன்று முறை கேட்டார். டீச்சர் என்றால் ஏன் இத்தனை கேள்வி. ஞாயிறு ஐந்து மணிக்கு மேல்தான் பேச விடுவார்களாம்.

இப்போது 4.20.